அரை மணி கழித்து வரும் வாசனை

செய்தி வந்தபோது மணி மூன்று நாற்பது. நான் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் மூக்கை வைத்திருந்தேன்.

குடிநீர்ச் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. தண்ணீரை லேசாகச் சூடாக்கி, குலுக்கி, மூடியைத் திறந்த உடனே முகர வேண்டும். ஒரே குடுவையை இரண்டு பேர் முகர்வோம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு சீட்டும் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேரும். முகரும் நாளில் பவுடர், சென்ட், தலைக்கு எண்ணெய் எதுவும் ஆகாது. வாசனையில்லாத சோப்பு மட்டும்தான்.

மேலங்கிப் பையில் போன் அதிர்ந்தது. மாமா, என் அக்காவின் கணவர். சரக்கு வேன் ஓட்டுகிறவர், உரக்கப் பேசியே பழகியவர். அன்று அவர் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருந்தது.

"அக்கா போயிட்டாம்மா. நீ வா."

எதிரே உட்கார்ந்திருந்தவர் தன் சீட்டை எழுதி முடித்துவிட்டார். நானும் என் சீட்டில் "மணம் ஏதுமில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பெட்டியில் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. ஒருவேளை, அன்றைக்கு ஒன்றையாவது சரியாக எழுத வேண்டும் என்று கை நினைத்திருக்கும்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நாலு மாடிக் கடையொன்றில், கீழ்த்தளத்தில், நகரும் படிக்கட்டுக்கு இடப்பக்கம் இருந்த சென்ட் கவுண்டரில் பத்தொன்பது வருஷம் நின்றாள். நின்றாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே நாற்காலி கிடையாது. அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன்.

கடையில் அவளுக்கு அரைமணி என்று பெயர். யார் வந்து எதைக் கேட்டாலும், அட்டைத் துண்டில் அடித்துக் காட்ட மாட்டாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு போட்டுவிட்டு, "அரை மணி சுத்திட்டு வாங்க, அப்புறம் சொல்லுங்க" என்பாள். பாட்டிலைத் திறந்ததும் வருவது சென்டின் விளம்பரம், தோலில் ஊறி அரை மணி கழித்து வருவதுதான் சென்ட் என்பது அவள் கட்சி.

அவளுடைய மேலாளருக்குப் பேசுவதற்கு முன் மூக்கிலிருந்து சன்னமாக ஒரு விசில் வரும். அக்கா அவரைக் குக்கர் என்பாள், முதுகுக்குப் பின்னால்.

"ஒரு ஆளுக்கு அரை மணின்னா, நாம ரெண்டு பேரும் வாசல்ல துண்டு விரிச்சு உக்கார வேண்டியதுதான்" என்றாராம் குக்கர்.

"துண்டு நீங்க கொண்டு வாங்க சார், நான் சென்ட் அடிச்சுத் தரேன்" என்றாளாம் இவள்.

ஒரு தடவை ஒரு பெரியவர், வாங்கிப்போன பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தார். அன்று அக்காவைப் பார்க்க நானும் போயிருந்தேன்.

"என்னம்மா ஏமாத்து வேலை இது? போன வாரம் இங்க நின்ன பொண்ணு கையில போட்டுக் காட்டினப்போ கமகமன்னு இருந்துச்சு. என் வீட்டுக்காரி போட்டா அப்படி வரலையே!"

"அப்படின்னா அந்தப் பொண்ணையும் சேர்த்துப் பொட்டலம் கட்டித் தரச் சொல்றீங்களா? அதுக்கு உங்க வீட்டுக்காரம்மா கையெழுத்துப் போடணுமே."

பெரியவர் சிரித்துவிட்டார். மறுநாள் மனைவியோடு வந்தார். அக்கா அந்த அம்மாளின் கையில் மூன்று இடங்களில் மூன்று சொட்டு வைத்து, "சண்டை போடாம அரை மணி சுத்திட்டு வாங்க" என்றாள். "இவரோட சண்டை போடாம அரை மணியா? அதுக்கு இந்தக் கடை பத்தாதும்மா" என்றார் அந்த அம்மாள். மூன்றாவது சொட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

"பாட்டிலைக் குறை சொல்லாதீங்க, தோலைக் கேளுங்க." இதை எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாளோ.

அவள் போட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். வெளிர் மஞ்சளில், ஆரஞ்சுப் பூ வாசனையில், தண்ணீர் போல இருக்கும் ஒரு சென்ட். கவுண்டரில் மாதிரிக்கு வைத்திருக்கும் பாட்டிலிலிருந்து காலையில் கழுத்தோரம் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. பூசியவுடன் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போலச் சுரீரென்று இருக்கும். பத்து நிமிஷத்தில் அது போய்விடும். பிறகு பூ வரும், அதுவும் தூரத்தில் எங்கோ பூத்தது போல. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது பூவும் இருக்காது. வெயிலில் காய்ந்த துணியை மடிக்கும்போது ஒரு வாசனை எழுமே, அதுதான் இருக்கும். அது பாட்டிலில் இல்லாத வாசனை. அக்கா மேல் மட்டும் வந்தது.

அதே சென்ட் என் மேல் பட்டால் இருபது நிமிஷத்தில் சோப்பு வாசனையாகிவிடும்.

"சோப்பு டப்பா" என்பாள் என் கையை முகர்ந்து. "உனக்குப் போய் சென்ட்டைப் போட்டேன் பாரு. என் புத்தியை…"

ஆனால் அவளுக்கு என் கை வேண்டும். வேலைக்காக வாசனையே படாமல் வைத்திருக்கும் கை. "உன் கை வெள்ளைத் தாள்டி, மூக்கி" என்பாள். எனக்கு அவள் வைத்த பெயர் அது. கடைக்குப் புதிதாக எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை என் கையில்தான் முதல் சொட்டு. அரை மணி அவள் சமைப்பாள், நான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாமா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "என்ன, ஜோசியம் பாத்தாச்சா? எனக்கு எப்போ நல்ல காலம்?" என்பார்.

போன வருஷக் கடைசியிலேயே அவளுக்குக் கால் வீங்கியது. பத்தொன்பது வருஷம் நின்றவளுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்றோம். முகம் வெளுத்தது. கடை விளக்கு என்றோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் சமையலறையில் அவள் பின்னால் நின்று, மேல்தட்டிலிருந்து டப்பா எடுத்துக் கொடுத்தேன். அவள் கழுத்திலிருந்து அந்தச் சென்ட் வந்தது. பூ இருந்தது, அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. பல நாள் மாற்றாத பூ ஜாடித் தண்ணீர். அதற்கும் அடியில் சுருக்கென்று ஏறும் ஒன்று. சோதனைக் கூடத்தில் இதற்கு எங்களுக்குச் சொல் உண்டு. குடுவையில் வந்திருந்தால் யோசிக்காமல் எழுதியிருப்பேன்: அமோனியா, லேசாக.

நான் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவைக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். குரலில் கோபம் கொதித்தது.

"என் கவுண்டர்கிட்ட நாத்தம் அடிக்குதாம்டி. எவளோ ஒருத்தி மூக்கைப் பொத்திக்கிட்டுப் போய்ச் சொல்லியிருக்கா. குக்கர் என்னைச் செருப்பு செக்‌ஷனுக்குப் போகச் சொல்றான். மூக்கு போயிடுச்சாம் எனக்கு! பத்தொன்பது வருஷம்!"

"நீ என்னக்கா சொன்ன?"

"பாட்டில் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். மேல இருக்கற விளக்குச் சூட்டுல அடிவாசனை திரிஞ்சிருக்கும். எனக்கே சாயங்காலமானா ஒரு மாதிரி வருது. ஞாயித்துக்கிழமை வா. நீ வந்து மோந்து அவன் முன்னாடி சொல்லு. தண்ணியில ஒரு சொட்டு குளோரினைக் கண்டுபிடிக்கறவ நீ சொன்னா வாயை மூடிப்பான்."

ஊருக்கெல்லாம் தோலைக் கேட்கச் சொன்னவள், தன் முறை வந்தபோது பாட்டிலைக் குறை சொன்னாள். அந்தக் கடையில் வேறு யாருக்கும் அந்தச் சாக்கு தோன்றியிருக்காது. விளக்குச் சூட்டில் சென்ட் திரியும் என்பது தெரிந்தவளுக்குத்தான் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கவுண்டரின் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தாள். குக்கர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா அந்த மஞ்சள் பாட்டிலிலிருந்து என் மணிக்கட்டில் அடித்தாள். அரை மணி நின்றோம். அரை மணியை அன்று அவரும் காத்திருந்தார்.

முகர்ந்தேன். சோப்பு. வெறும் சோப்பு. எப்போதும் என் மேல் வரும் அதே டப்பா. பாட்டிலுக்கு ஒன்றுமில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவைக் கேட்கிறவள் போல. அவளுக்குப் பின்னால் பாட்டில்கள் உயர வரிசையில் நின்றன, ஒவ்வொன்றும் அவள் கையால் திருப்பி வைத்தது, பெயர் நேராகத் தெரியும்படி.

"ஆமாம் சார். பாட்டில்தான் கெட்டுப்போயிருக்கு" என்றேன்.

குக்கரின் மூக்கில் விசில் அடித்தது. "அப்போ கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா கவுண்டருக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் விரல்கள் வீங்கியிருந்தன. மோதிரம் இறங்காமல் கழற்றிவிட்டிருந்த தடம் மட்டும் தெரிந்தது.

பாட்டிலைத் திருப்பி அனுப்ப கம்பெனியின் ஃபாரம் ஒன்று உண்டு. பாட்டிலின் எண், திறந்த தேதி, விற்பவரின் குறிப்பு. அதற்குக் கீழே கடையைச் சேராத இரண்டாவது ஆள் ஒருவர் முகர்ந்து எழுத வேண்டிய கட்டம். அக்கா தன் பகுதியைக் குண்டு குண்டாக எழுதி முடித்து, பாட்டிலையும் ஃபாரத்தையும் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்தாள். என் ஆபீசுக்குப் பக்கத்தில்தான் தபாலாபீஸ்.

"ரெண்டாவது கட்டம் உன்னுது. எழுதி அனுப்பிடு. மறந்துடாதே மூக்கி."

வாயால் சொல்ல முடிந்தது. எழுத முடியவில்லை. பதினோரு வருஷமாக, முகர்ந்ததை மட்டுமே எழுதிப் பழகிய கை. பேனாவை எடுப்பேன், வைப்பேன். பெட்டி என் கைப்பையிலேயே கிடந்தது. எப்போது கேட்டாலும், "நாளைக்கு அனுப்பிடறேன்க்கா" என்பேன். புதுப் பாட்டில் வந்துவிட்டதால் அவளும் வற்புறுத்தவில்லை. இரண்டு வாரத்தில் அவள் சென்ட் போடுவதையே நிறுத்தினாள். "உடம்பெல்லாம் அரிக்குதுடி, சோப்பு மாத்தினது ஒத்துக்கலை போல" என்றாள். அதோடு அந்த வாசனையும் யாருக்கும் தெரியாமல் போயிற்று. நானும், அப்பாடா என்று விட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மே மாதம் கவுண்டரிலேயே மயங்கி விழுந்தாள்.

சிறுநீரகம் இரண்டும் ரொம்ப நாளாகவே கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்றார் டாக்டர். சின்ன வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். நான் வராந்தாவில் அவரை நிறுத்தி, இதில் தோலின் வாசனை மாறுமா என்று கேட்டேன். மாறலாம், ஆனால் அதை வைத்து யாரும் நோயைக் கண்டுபிடிப்பதில்லை, ரத்தம்தான் பார்ப்போம் என்றார்.

"அப்போ மூணு மாசம் முன்னாடி ரத்தம் பார்த்திருந்தா?"

"முன்னாடியே வந்திருந்தா…" என்று ஆரம்பித்தவர், கையிலிருந்த தாளைத் திருப்பினார். "இப்போ செய்ய வேண்டியதைப் பார்ப்போம்மா" என்றார்.

இருபது நாள் படுத்திருந்தாள். ஒரு நாள் உட்கார்ந்து குக்கரைப் போல விசில் அடித்துக் காட்டுவாள், மறுநாள் யாரென்று பார்ப்பதற்கே நேரம் எடுத்துக்கொள்வாள். பத்தொன்பதாம் நாள் தெளிவாக இருந்தாள்.

"இங்க ஒரே மருந்து நெடி. நாளைக்கு வரும்போது கொஞ்சம் சென்ட் போட்டுட்டு வாடி. உன் மேலயாவது மோந்துக்கறேன்."

"இப்பவே போடறேன். கையிலதான் இருக்கு" என்றேன்.

பைக்குள் கை விட்டு, பெட்டியைத் திறந்து, பாட்டிலை எடுத்து மணிக்கட்டில் அடித்துக்கொண்டேன். அடித்த பிறகுதான் எந்தப் பாட்டில் என்பது உறைத்தது. அக்காவும் பார்த்துவிட்டாள். அதன் கழுத்தில் அவள் ஒட்டிய சீட்டு இருந்தது: "கெட்டது. திருப்புக."

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை.

"இரு. அரை மணி ஆகட்டும்."

பார்வையாளர் நேரம் முடிய முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது. என் கையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். எலுமிச்சை போயிற்று. பூ வந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள், "நல்லா இருக்கே, யார் போட்டிருக்கறது?" என்று கேட்டாள். சுவரில் கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்க அக்காவின் போர்வையைப் பார்த்தேன். பூவும் போயிற்று.

அக்கா என் மணிக்கட்டைத் தூக்கி மூக்கருகே வைத்தாள். நிதானமாக, கவுண்டரில் செய்வதைப் போலவே, ஒரு தடவை முகர்ந்து, முகத்தைத் திருப்பி மூச்சு விட்டு, மறுபடி முகர்ந்தாள்.

"சோப்பு டப்பா" என்றாள்.

நான் மறு கையால் பாட்டிலைப் பைக்குள் தள்ளினேன்.

"பாட்டில் நல்லாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் மேலே விசிறியையே பார்த்தாள். "அன்னிக்கே உனக்குத் தெரியும், இல்லடி?"

"செருப்பு செக்‌ஷனுக்கு உன்னை…" என்று தொடங்கினேன்.

"ம். அங்க போயிருந்தா இன்னும் முன்னாடியே செத்திருப்பேன்." சிரிக்கப் பார்த்தாள். பிறகு என் கையைப் போர்வை மேல் வைத்து, இரண்டு தட்டு தட்டினாள், குழந்தையைத் தூங்க வைப்பது போல. "அழாதே. அந்த ஃபாரத்துல சரியா எழுதிடு. பாட்டில் பாவம். அது ஒண்ணும் பண்ணலை."

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். மறுநாள் மூன்று நாற்பதுக்கு மாமா போன் செய்தார்.

மாமாவின் வேனில் அக்கா உட்காரும் முன்னிருக்கையில் இப்போது யாரும் உட்காருவதில்லை. போன வாரம் தெரியாமல் ஏறிவிட்டேன். பெல்ட்டை இழுத்து மாட்டியதும், கழுத்து உரசும் இடத்திலிருந்து அது எழுந்தது: வெயிலில் காய்ந்து மடித்த துணி. நோய் வருவதற்கு முந்தைய அக்கா. வண்டி சூடாகச் சூடாக அதற்குக் கீழிருந்து மற்றது வந்தது, ஜாடித் தண்ணீர், அதற்கடியில் சுருக்கென்று. இரண்டும் ஒரே பெல்ட்டில்.

"அங்க உக்காராதம்மா. பின்னாடி வா" என்றார் மாமா, ரோட்டைப் பார்த்தபடி. அவருக்கு மூக்கில் டீசலைத் தவிர எதுவும் ஏறாது என்று அக்கா கேலி செய்வாள். ஆனால் அந்த வண்டிக் கண்ணாடிகளை அவர் இறக்குவதே இல்லை.

வேலை இல்லாத நாட்களில் அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு போட்டுக்கொண்டு அரை மணி உட்காருகிறேன். என்றைக்காவது துணி வாசனை வருமா என்று. சோப்புதான் வருகிறது. ஆனால் நேற்றுச் சோதனைக் கூடத்தில், எதுவும் பூசாத கையோடு, குடுவையைத் திறந்தபோது ஆரஞ்சுப் பூ வந்தது. தெளிவாக. எதிரே இருந்தவரிடம் கேட்கக் கூடாது, விதி அது. கேட்டுவிட்டேன்.

"சார், பூ வாசனை வருதா?"

அவர் மறுபடி முகர்ந்தார். "எந்தப் பூம்மா? தண்ணி தண்ணியாத்தான் இருக்கு." பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "நான் வேணா ஒரு வாரம் தனியாப் பாத்துக்கறேன், நீ வீட்டுல இரு" என்றார்.

என் சீட்டில் "பூ மணம்" என்று எழுதினேன். அவர் சீட்டில் "மணம் ஏதுமில்லை". ஒத்துப்போகாததால் இரண்டையும் தள்ளிவிட்டார்கள்.

ஃபாரம் என் மேசையில் இருக்கிறது. பாட்டிலின் எண் நிரம்பியிருக்கிறது, திறந்த தேதி நிரம்பியிருக்கிறது, விற்பவரின் குறிப்பில் அக்காவின் குண்டு எழுத்து நாலு வரி. இரண்டாவது ஆளின் கட்டத்தில் இன்றைய தேதியை மட்டும் போட்டிருக்கிறேன்.